அப்புறம் பார்த்துக்கலாம்: ஏடிஎச்டியோடு வாழ, தள்ளிப்போடுதலோடு சமாதானம் ஆக ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சப்பை நாலு மாதம் தொங்கியது. உள்ளே அம்மாவின் ஆபரேஷனுக்குப் பிறகு வாங்கிய மருந்து பில்கள், ஸ்கேன் ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, கேன்சல் செய்த ஒரு செக். காப்பீட்டு கிளைமுக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. நாலு பக்கப் படிவத்தை நிரப்பி கூரியரில் போட வேண்டியதுதான் பாக்கி. தினமும் கதவைச் சாத்தும்போது பையைப் பார்ப்பேன், வயிற்றில் ஏதோ பிசையும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று லைட்டை அணைப்பேன். கடைசியில் பையை இறக்கியபோது பாலிசியில் சொன்ன நாள் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. 18,400 ரூபாய் போச்சு.

அந்த நாலு மாதமும் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக நினைக்காதீர்கள். இரண்டு புத்தகங்களுக்கு லேஅவுட் முடித்துக் கொடுத்தேன் (அதுதான் என் தொழில்), மிக்சி ஜார் மூன்றுக்கும் வாஷர் மாற்றினேன், பக்கத்து வீட்டுப் பையனின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தை ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பினேன். அது எட்டுப் பக்கம்.

அந்த வருடம்தான் எனக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) இருப்பதாக மருத்துவர் சொன்னார். வயது 36. இனி வருவதெல்லாம் அதற்குப் பிறகு நான் செய்து பார்த்தது, பாதியில் விட்டது, மறுபடி எடுத்தது. தள்ளிப்போடுவதை அடியோடு ஒழிப்பது எப்படி என்று தேடி வந்திருந்தால் ஏமாற்றமாக இருக்கும், அது எனக்கு நடக்கவில்லை. எதைத் தள்ளலாம், எதைத் தள்ளக் கூடாது, தள்ளினால் அதற்கு என்ன விலை என்று பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தேன். சமாதானம் என்று நான் சொல்வது அந்த ஒப்பந்தத்தைத்தான்.

படி 1: முதலில் பெயரை மாற்றுங்கள்

சோம்பேறிக்குச் சும்மா இருப்பதில் ஒரு சுகம் இருக்கும். மத்தியானம் படுத்தால் தூக்கம் வரும். நமக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது. வேலையையும் செய்ய மாட்டோம், நிம்மதியாக உட்காரவும் மாட்டோம், கையில் போனை வைத்துக்கொண்டு மனதுக்குள் அந்த வேலையை நூறு தடவை செய்து களைத்துப்போய்க் கிடப்போம்.

குறளில் மடியின்மை அதிகாரத்தில் ஆளைக் கவிழ்க்கும் நான்கைப் பற்றி ஒரு குறள் இருக்கிறது: நெடுநீர், மறவி, மடி, துயில். காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், தூக்கம். நான்குமே ஆபத்து என்றுதான் வள்ளுவரும் சொல்கிறார், அதில் நமக்குச் சலுகை எதுவும் இல்லை. ஆனால் நான்குக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார். நம் வீடுகளில்தான் நான்கையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, மேலே சோம்பேறி என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்க்கலாம். ஏடிஎச்டி என்பது மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் ஒரு வித்தியாசம். திட்டமிடுவது, தொடங்குவது, தொடங்கியதைப் பிடித்து வைத்திருப்பது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் மூளையின் முன்பகுதியும், அங்கே வேலை செய்யும் டோபமைன், நார்எபிநெஃப்ரின் என்ற ரசாயனங்களும் இதில் சம்பந்தப்பட்டவை. ஒரு வேலை முக்கியமானது என்பது மட்டும் நம் மூளைக்கு உந்துதலாக இருப்பதில்லை. சுவாரசியமாகவோ, புதிதாகவோ, தலைக்கு மேல் கத்தி தொங்குவதாகவோ இருந்தால்தான் இஞ்சின் கிளம்பும். பக்கத்து வீட்டுப் பையனின் படிவம் எனக்குப் புதுசு, அவன் எதிரில் உட்கார்ந்திருந்தான், மறுநாள் கடைசி நாள். என் படிவத்துக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

இது குடும்பத்தில் ஓடுவது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை வருகிறது. எனக்குப் பெயர் கிடைத்த பிறகு அப்பாவை நினைத்துக்கொண்டேன். பாதி பெயிண்ட் அடித்த கேட், தலையிலேயே மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடும் மனுஷன்.

படி 2: மருத்துவரைப் பாருங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

ரீல்ஸ் பார்த்து நமக்கு நாமே முத்திரை குத்திக்கொள்வது சுலபம். தைராய்டு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே கவனத்தைக் குலைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இதே மாதிரிதான் தெரியும். ஆகவே மனநல மருத்துவர்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஒரு சுயபரிசோதனைக் கேள்வித்தாள் இருக்கிறது, அதன் முதல் பகுதியில் ஆறே கேள்விகள். அது மருத்துவரைப் பார்க்கலாமா என்று தெரிந்துகொள்ள மட்டும், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 (2013-ல் வந்தது) அளவுகோலின்படி, கவனக்குறைவு, மிகைச்செயல்பாடு என்ற இரண்டு பட்டியல்களில் ஏதாவது ஒன்றிலாவது பெரியவர்களுக்கு ஐந்து அறிகுறிகள் இருக்க வேண்டும், அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீடு, வேலையிடம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தொந்தரவு கொடுத்திருக்க வேண்டும்.

அந்த 12 வயதுச் சங்கதிக்காகத்தான் பழைய ரேங்க் கார்டு கிடைத்தால் எடுத்துப் போங்கள், முடிந்தால் அம்மாவையோ அக்காவையோ கூட்டிப் போங்கள். என் ஐந்தாம் வகுப்பு கார்டில் "கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது" என்று டீச்சர் எழுதியிருந்தார். பெண் பிள்ளைகளுக்கு இது தாமதமாகத்தான் தெரியவரும். பெஞ்சு மேல் ஏறிக் குதிக்கிற பையன் கண்ணில் படுவான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் யார் கண்ணிலும் பட மாட்டாள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை (அரசின் மனநல உதவி எண்) கூப்பிடலாம், இலவசம், 24 மணிநேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

மருந்து வேண்டுமா என்பது நீங்களும் மருத்துவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. இங்கே அதிகம் பேசப்படுவது மெத்தில்ஃபெனிடேட், அடோமாக்ஸெடின் என்ற இரண்டு. முதலாவது இந்தியாவில் எக்ஸ் அட்டவணை மருந்து. சீட்டு இரண்டு பிரதிகளில் வேண்டும், ஒரு பிரதியை மருந்துக்கடைக்காரர் வைத்துக்கொள்வார், எல்லாக் கடையிலும் கிடைக்காது. சீட்டைத் தொலைத்துவிட்டு நின்றால் கெஞ்சியும் பயனில்லை, நம்மைப் போன்ற மறதிக்காரர்களுக்கென்றே இப்படி ஒரு விதியை வைத்தார்களோ என்று தோன்றும். இரண்டாவது மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். எதுவாக இருந்தாலும் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, பசி, தூக்கம் எல்லாவற்றையும் மருத்துவர் பார்த்துக்கொண்டே வர வேண்டும், தெரிந்தவரின் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மருந்து நம்மை வேலைக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்காது. மாத்திரை போட்டு அரைமணியில் நான் யூடியூபில் இருந்தால், மூன்று மணிநேரம் அசையாமல், மிக ஒழுங்காக, யூடியூபே பார்ப்பேன். அதனால்தான் மீதிப் படிகள்.

படி 3: ஒரு வாரம் வேவு பாருங்கள்

எதையும் மாற்றாதீர்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் என்ன வேலை, அதை நினைத்தபோது என்ன தோன்றியது என்று ஒரே வரி எழுதுங்கள். எழுதப் பிடிக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு குரல்பதிவு போட்டுக்கொள்ளுங்கள்.

தள்ளிப்போடுதல் நேரத்தைத் தவறாக நிர்வகிப்பதால் வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஃபுஷியா சிரோய், டிமோத்தி பிசில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013-ல் எழுதிய கட்டுரையில் வேறு மாதிரிச் சொன்னார்கள்: அந்த வேலை கிளப்பும் கசப்பான உணர்ச்சியிலிருந்து இந்த நிமிடம் தப்பிக்கத்தான் தள்ளிப்போடுகிறோம். மஞ்சப்பையை வைத்து யோசித்தால் எனக்கு இது புரிகிறது. படிவம் கஷ்டமே இல்லை. அதைத் தொட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு ராத்திரியும் திரும்ப வரும், இத்தனை நாள் செய்யாமல் விட்ட வெட்கமும் கூடவே வரும்.

வார முடிவில் பார்த்தால் உங்கள் வேலைகள் வெவ்வேறு காரணத்துக்காகத் தேங்கியிருக்கும். சில வெறும் போர். சில எங்கே தொடங்குவது என்றே புரியாத பூதம். சில பயம் அல்லது வெட்கம் ஒட்டியவை. சில கேட்க ஆளில்லாதவை. போருக்குப் பாட்டு போட்டுக்கொண்டால் போதும். பூதத்தைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். வெட்கம் ஒட்டியதற்கு இன்னொரு ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே டைம்டேபிளை மருந்தாகக் கொடுத்ததுதான் இத்தனை வருடமும் நான் செய்த தப்பு.

படி 4: ஒப்பந்தம் போடுங்கள்

செய்யாவிட்டால் காசு, உடம்பு, அடுத்தவர் பிழைப்பு போகும் என்ற வேலைகளைத் தனியாக எடுங்கள். நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். என் பட்டியலில் ஒன்பது. வண்டி இன்சூரன்ஸ், ஈபி பில், சொத்து வரி, வருமான வரிக் கணக்கு, அம்மாவின் மாத்திரை, வாடிக்கையாளருக்குக் கொடுத்த தேதி, இப்படி. இவற்றில் எவற்றை என் ஞாபகத்தை நம்பாமல் நடக்க வைக்க முடியுமோ அவற்றையெல்லாம் மாற்றிவிட்டேன். ஈபி பில், காப்பீட்டு பிரீமியம் இரண்டும் வங்கியிலிருந்து தானாகப் போகிறது. வரிக்கணக்கு ஆடிட்டரிடம், அவருக்குக் கொடுக்கும் கட்டணம் 2023-ல் நான் கட்டிய 5,000 ரூபாய் தாமதக் கட்டணத்தைவிடக் குறைவு. அம்மாவின் மாத்திரையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான், நான் அவன் வண்டிக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் கட்டுகிறேன், பண்டமாற்று.

அடுத்தது, செய்யாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்பதைத் தவிர ஒரு நஷ்டமும் இல்லாத வேலைகள். இவற்றைக் கைகழுவுங்கள். காய்ந்த துணியை மடிப்பதை நான் விட்டுவிட்டேன். ஆளுக்கொரு கூடை, கூடையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மாமியார் முதல் தடவை வந்தபோது கூடைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது பழகிவிட்டது.

நடுவில் இருப்பவை தாமதமாக நடக்கும். நடக்கட்டும். அதற்காக மாதம் 500 ரூபாயைத் தனியாக ஒதுக்குகிறேன், மறதிக் கணக்கு என்று பெயர். கெட்டுப்போன கொத்தமல்லி, திருப்பி அனுப்ப மறந்த செருப்பு, லைப்ரரி அபராதம் எல்லாம் அதிலிருந்து போகும். முன்பு ஒவ்வொரு 40 ரூபாய்க்கும் ஒரு ராத்திரி தூக்கம் கெடும், இப்போது அது மளிகைச் செலவு மாதிரி ஒரு செலவு. மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் பிரியாணி.

படி 5: வேலையின் பெயரை எழுதாதீர்கள், முதல் அசைவை எழுதுங்கள்

"கிளைம் போடு" என்று எழுதி வைத்தால் அது நாலு மாதம் தொங்கும். "பையை ஆணியிலிருந்து எடுத்து மேஜை மேல் வை" என்று எழுதினால் கை போகும். அடுத்த வரியை அப்புறம் எழுதலாம்.

கூடவே "எப்போது" என்பதையும் ஒட்டுங்கள். மணி வேண்டாம், ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு ஒட்டுங்கள். காலை காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் பையை எடுப்பேன், இப்படி. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவரும் விஷயம் இது, இது நடந்தால் அதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிட்டால் அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்கும் சுமை குறைகிறது. நமக்குத் தடுக்கி விழும் இடமே அந்த முடிவெடுக்கும் இடம்தான்.

பொமோடோரோ பற்றிக் கேட்பீர்கள். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துத் தொடங்கியது, 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. எனக்குத் தொடங்கக் கஷ்டமான நாளில் 25 நிமிடம் என்பதே மலை, பத்து வைத்துக்கொள்வேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாளிலோ அந்த மணி அடித்தால் நூல் அறுந்துவிடும், அந்த ஐந்து நிமிட ஓய்வு ஐம்பது நிமிடம் ஆகும். ஓடுகிற நாளில் டைமரை அணைத்துவிடுங்கள், தண்ணீர் பாட்டிலை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஏடிஎச்டி உள்ளவர்களிடையே இதற்கு பாடி டபுளிங் என்று பெயர். கூட ஒரு ஆள் இருக்க வேண்டும், அவர் நமக்கு உதவக்கூட வேண்டியதில்லை. பரீட்சைக்கு நாம் படிக்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பாளே, அதேதான்.

அம்மாவுக்கு அடுத்த வருடம் மறுபடி ஆஸ்பத்திரிச் செலவு வந்தது, மறுபடி மஞ்சப்பை. மூன்றாவது நாளே வயிறு பிசைய ஆரம்பித்தது. பொள்ளாச்சியில் இருக்கும் அண்ணிக்கு வீடியோ கால் போட்டேன்.

"அண்ணி, ஒரு ஃபாரம் நிரப்பணும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா லைன்ல இருங்க போதும்."

"செரி கண்ணு. எனக்கும் சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கற வேலை கெடக்குது."

போனை டம்ளரில் சாய்த்து வைத்தேன். அந்தப் பக்கம் சின்ன வெங்காயம், இந்தப் பக்கம் நாலு பக்கப் படிவம். இரண்டாம் பக்கத்தில் பாலிசி எண் கேட்டபோது எழுந்து பீரோவைத் திறந்தேன், அங்கே ஒரு பழைய ஆல்பம் கண்ணில் பட்டது, வேறு நாளாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். "எங்க போயிட்ட?" என்று போனிலிருந்து ஒரு குரல், அவ்வளவுதான், திரும்பி வந்து உட்கார்ந்தேன். 35 நிமிடம் ஆனது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதா? கூரியர்ல போட்டுட்டு ரசீதை எனக்கு அனுப்பு" என்றார். ரசீது அனுப்ப வேண்டுமே என்பதற்காகவே கூரியர் ஆபீஸ் வரை போனேன்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். அறிவுரை சொல்பவர் வேண்டாம். "இதுக்குப் போயா இவ்வளவு?" என்று கேட்பவர் வேண்டவே வேண்டாம். கணவன் மனைவிக்குள் இது பெரும்பாலும் சண்டையில் முடிகிறது, என் அனுபவம்.

படி 7: நேரத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள்

நமக்கு நேரம் இரண்டே வகை: இப்போது, இப்போது இல்லை. ஏடிஎச்டி ஆய்வில் பெரிய பெயரான அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி, நேரம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பார்வைக்குறை மாதிரிதான் இது என்பார். என்ன செய்ய வேண்டும் என்பது நமக்குத் தெரியும், தெரிந்ததைச் செய்வதில்தான் சிக்கல், ஆகவே உதவியும் அந்த வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் அவர் சொல்வதே.

ஆகவே முள் ஓடும் கடிகாரம் ஒன்று குளியலறைக்கு எதிரில், ஒன்று கணினிக்கு மேலே. எண் காட்டும் கடிகாரத்தில் 9:40 என்பது வெறும் எண், முள் கடிகாரத்தில் பத்து மணிக்கு இவ்வளவுதான் இடம் இருக்கிறது என்று தெரியும். அலாரத்துக்குப் பெயர் வையுங்கள், "செருப்பை மாட்டு" என்று. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தோன்றுகிறதோ அதை இரண்டால் பெருக்குங்கள். காரியங்களுக்கு ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது எல்லா மனிதருக்கும் உள்ள கோளாறுதான், கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே அதற்கு பிளானிங் ஃபாலசி என்று பெயர் வைத்துவிட்டார்கள், நமக்குக் கொஞ்சம் தூக்கல்.

நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் பொய்க் கெடு செல்லாது, பொய் என்று நமக்கே தெரியும். காத்திருக்கும் ஒரு நிஜ மனிதர்தான் கெடு.

படி 8: திட்டுவதை நிறுத்துங்கள்

ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு கச்சேரி நடக்குமே, இன்றைக்கும் செய்யவில்லை, உனக்கெல்லாம் எதற்கு என்று. அதைக் கேட்டால் நாளைக்காவது சூடு பட்டுச் செய்வோம் என்று ஒரு நம்பிக்கை. நடப்பது தலைகீழ். கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்குத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. திட்டத் திட்ட அந்த வேலையில் கசப்பு ஏறும், கசப்பு ஏற ஏற அதிலிருந்து தப்பிக்கத் தோன்றும், மறுநாள் பை இன்னும் கனமாகத் தொங்கும்.

மன்னிப்பது என்றால் கண்ணாடி முன் நின்று நல்ல வார்த்தை சொல்வதெல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை, சிரிப்பு வந்துவிடும். நான் செய்வது: நடந்ததை வாய்விட்டு ஒரு வரி, உரிச்சொல் இல்லாமல். "இன்றைக்குப் படிவம் நிரப்பவில்லை." அவ்வளவே. சோம்பேறி, உருப்படாதவள் எல்லாம் அந்த வரியில் வரக் கூடாது.

அடுத்தவருக்கும் இதே மாதிரிதான். மூன்று மாதம் பதில் போடாத நண்பருக்கு ஒன்றரைப் பக்க விளக்கம் எழுத வேண்டும் என்று நினைத்தால் நாலாவது மாதமும் போகும். "தாமதத்துக்கு மன்னிக்கணும். நீ கேட்டதுக்கு பதில் இதோ" என்று இரண்டு வரி போதும்.

படி 9: இதுவும் ஒருநாள் உடையும்

எந்த முறையும் எனக்கு மூன்று வாரத்துக்கு மேல் புதிதாக இருப்பதில்லை. புதுசு போனதும் பிடியும் போய்விடும். என் அலமாரியில் முதல் ஒன்பது பத்துப் பக்கம் மட்டும் எழுதிய ஏழு டைரிகள் இருக்கின்றன, ஒரு காலத்தில் அவற்றைப் பார்த்தாலே அழுகை வரும். இப்போது செருப்பு தேய்ந்தால் மாற்றுவது மாதிரி மாற்றுகிறேன். நோட்டு சலித்தால் சுவரில் ஒட்டும் சீட்டு, சீட்டு கண்ணுக்குப் பழகிவிட்டால் வேறு நிறச் சீட்டு, அதுவும் போனால் பழையபடி நோட்டு.

எல்லாம் உடைந்து கிடக்கும் நாளில் மாத்திரை, சாப்பாடு, போனுக்கு சார்ஜ், இந்த மூன்று மட்டும். அடுத்த நாள் எழுந்ததும் விட்ட நாட்களை நிரப்ப உட்காராதீர்கள். பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்று உட்கார்ந்துதான் என் டைரிகள் ஒவ்வொன்றும் நின்றுபோயின. காலிப் பக்கங்களை அப்படியே விட்டுவிட்டு, இன்றைய தேதியைப் போட்டு, ஒரே ஒரு முதல் அசைவை எழுதுங்கள். பிறகு அண்ணிக்கு ஒரு கால்.